இடது காது

அக்காவுக்கு இடது காதின் கீழ்மடல் இல்லை. அத்தான் கடித்துத் துப்பிவிட்டார். தோடும் அதோடு போயிற்று. தோட்டை மட்டும் பிறகு தேடி எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டார்.

மறுநாளே அக்காவை ரயிலேற்றி என்னோடு கூட்டிவந்துவிட்டேன். இரண்டு நாள் பயணம். நான் வேலை பார்த்த ஊரில் எனக்கு மாடியில் ஓர் அறை இருந்தது. காது ஆற நாற்பது நாள் ஆயிற்று. தினமும் காலையில் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து மருந்து வைத்தது நான்தான். முதல் வாரம் சீழ் கட்டியது. பிறகு கருத்தது. பிறகு ஓரம் உள்ளே சுருண்டு, மூன்று பல்லின் தடம் வரிசையாகத் தெரிய அப்படியே நின்றுவிட்டது.

அக்கம்பக்கத்தில் அக்கா விதவை என்று சொல்லிவைத்தோம். அத்தான் எப்படிச் செத்தார் என்று கேட்டவர்களுக்கு அக்கா ஆளுக்கு ஒரு சாவு சொன்னாள். ஒருத்தியிடம் காய்ச்சல். இன்னொருத்தியிடம் வண்டிச் சக்கரம். மூன்றாவது ஆளிடம் கிணறு. ஏதாவது ஒன்றையே சொல், மாட்டிக்கொள்வோம் என்றேன்.

"ஒரு தடவை செத்தா அவருக்குப் பத்தாது" என்றாள்.

அவள் வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கரி போடும் இஸ்திரிப்பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்து ஊதுவாள். தலைமுடியை எப்போதும் இடது பக்கம் இழுத்துவிட்டிருப்பாள். இஸ்திரி போடும்போது மட்டும் வேர்வைக்காக மறுபக்கம் ஒதுக்கிக்கொள்வாள். அப்போது அந்தக் காது தெரியும். மூன்று வருடம் தினமும் நான் பார்த்தது அது.

நான் விளம்பரச் சுவரொட்டி வரைகிறவன். அப்போது அது புதுத் தொழில். அதற்கு முன்னால் சுவர்களில் எழுத்து மட்டும்தான் இருந்தது. எங்கள் அச்சகத்தில்தான் முதலில் படம் போட்டோம். சோப்பு, தீப்பெட்டி, இருமல் மருந்து, எலி விஷம். எலி விஷத்துக்கு நான் வரைந்த எலி மல்லாந்து கிடக்கும். ஒருத்தர் அதைக் குச்சியால் தள்ளிப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன்.

கல்லச்சு வேலை. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் நேரடியாக வரைய வேண்டும். வரைவது தலைகீழ் வேலை. கல்லில் இடது என்றால் தாளில் வலது. அதனால் மூலப்படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துக் கல்லில் போடுவேன். ஒரு நிறத்துக்கு ஒரு கல். அச்சாகி முடிந்ததும் மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்துவிட்டு அதே கல்லில் அடுத்த படம்.

முகங்களுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். எந்த முகத்தையும் முழுதாக எடுக்க மாட்டேன். ஒருவரின் கண், இன்னொருவரின் மூக்கு, மூன்றாமவரின் மோவாய். அடி வாங்கிக் கற்றுக்கொண்டது இது. இருமல் மருந்துக்கு எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரரின் முகத்தை அப்படியே போட்டேன். ஒரு வாரத்தில் அவர் கடைக்கு ஆள் வருவது நின்றது. கையில் மாவோடு அச்சகத்துக்கு வந்து என் முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டுப் போனார். அச்சகத்தில் யாரும் தடுக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

கூந்தல் எண்ணெய்க்கு ஒரு பெண் வேண்டும் என்றார் எண்ணெய்க் கம்பெனிக்காரர். ஆளுயரத்தில் பாதி, ஏழு நிறம், நாற்பது ஊருக்கு. அதுவரை அவ்வளவு பெரியதை யாரும் அடித்ததில்லை. கண்கள் தையல்காரரின் மகளுடையவை. மூக்கு தபால் நிலையத்தில் பார்த்த ஒருத்தியுடையது. உதடு எங்கும் இல்லாத உதடு. கூந்தலை முழுக்க வலது தோளுக்கு முன்னால் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். எண்ணெய்ப் புட்டி அந்தக் கூந்தல் முடிகிற இடத்தில் நிற்கும்.

கூந்தல் ஒரு பக்கம் போனதால் மறுபக்கம் காது வெளியே வந்தது. மூலப்படத்தில் அதை ஒரு வளைவாக மட்டும் விட்டிருந்தேன். கல்லில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. கடைசி நாள் மாலைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. கை தானாகப் போட்டது. என் வாழ்க்கையில் நான் உற்றுப் பார்த்த காது ஒன்றே ஒன்றுதான்.

கல்லில் அது இடம் வலம் மாறி இருந்தது. அக்காவின் காதாக அது எனக்குத் தெரியவில்லை. இடம் வலம் மாறினால் பெற்ற தாயின் முகமும் அந்நியம்தான்.

மாதிரித் தாளைப் பார்த்த கம்பெனிக்காரர், தோடு எங்கே என்று மட்டும் கேட்டார். தோடு மின்னினால் கண் புட்டிக்குப் போகாது என்றேன். தொழில் தெரிந்த பதில். நானே அதை நம்பினேன்.

தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்ததை அக்காதான் முதலில் பார்த்தாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்து என்னைக் கூட்டிப்போனாள். தெருவில் அவள் என் கையைப் பிடித்து நடந்தது அன்றுதான். சுவருக்கு முன்னால் போய் நின்றாள். விரலை நீட்டவில்லை. தன் முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

பார்த்தேன். மூன்று பல்லின் தடமும் வரிசையாக இருந்தது. நிழலும் சரியாக விழுந்திருந்தது. அரைகுறை வேலைக்காரனாக இருந்தால் இடம் வலம் மாறிப் போயிருக்கும். நான் மாற்றாமல் போட்டிருந்தேன்.

"அந்த ஊருக்கு எத்தனை போச்சு?" என்று கேட்டாள்.

எண்ணூறு என்றேன். ரயிலில் போயிற்று என்றேன்.

"சரக்குக் கொட்டகையில கட்டு இறக்குறதே அவர் ஆளுங்கதான்."

அத்தான் அங்கே சுமையாட்களுக்கு மேஸ்திரி. ஓராளாக நின்று இரண்டாள் மூட்டையை முதுகில் ஏற்றுகிறவர்.

காதை யார் பார்ப்பார்கள் என்றேன். பார்க்கிறவன் கண் முதலில் முகத்துக்கு, அங்கிருந்து கூந்தலுக்கு, கூந்தல் வழியாகப் புட்டிக்கு. காதுக்குப் போக வழியே இல்லை, அப்படித்தான் படத்தைக் கட்டியிருக்கிறேன் என்று விளக்கினேன்.

"அவர் பார்ப்பார்" என்றாள். "அவர் செஞ்ச வேலையாச்சே."

அன்று மாலையே வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றாள். பன்னிரண்டு நாள் கேட்டேன். சைக்கிள் சுவரொட்டி பாதிக் கல்லில் நின்றது. சக்கரம் சுழல்வதைக் கம்பிகளை வரையாமலே காட்டும் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தேன். முதல் கல்லில் அது வந்திருந்தது. இதை விட்டுப் போனால் வேறு எவனாவது முடித்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வான். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கரிப்பெட்டியைத் திறந்து சாம்பலைத் தட்டினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளியிடம் போய் எண்ணெய்ப் படத்தில் பிழை இருக்கிறது, அனுப்பாமல் இருக்கும் கட்டுகளை நிறுத்துங்கள் என்றேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இந்தக் குறைதான் அழகு, இதனால்தான் அவள் நிஜப் பெண் மாதிரி இருக்கிறாள், கம்பெனிக்காரன் இன்னும் ஐயாயிரம் கேட்கிறான் என்றார். நான் உள்ளே போய், கருப்பு நிறத்துக்கான கல்லில் காது இருந்த இடத்தை மணல் போட்டுத் தேய்த்துவிட்டேன். காதோடு கன்னத்தில் பாதியும் போயிற்று. முதலாளி ரோலர் கைப்பிடியால் என் முதுகில் அடித்தார். மூன்றாவது அடியில் கைப்பிடி உடைந்தது. அதற்கும் சேர்த்து ஒரு அறை.

"உனக்குக் கிறுக்கு. அது நல்லதுதான். இந்த வேலைக்குக் கிறுக்கு வேணும். ஆனா கல்லு மேல காட்டாதே" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சுரண்டுகத்தியோடு கிளம்பினேன். உள்ளூரில் முந்நூறு ஒட்டியிருந்தார்கள். இருக்கிற தெருக்களிலாவது அந்தக் காதை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வேறெதையும் தொடவில்லை. காதை மட்டும் சுரண்டினேன். பதினேழாவது சுவரில் பிடிபட்டேன்.

அந்தச் சமயம் இரண்டு எண்ணெய்க் கம்பெனிகளுக்குள் சுவர்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒருத்தன் ஒட்டியதை இன்னொருத்தன் ஆள் வைத்துக் கிழிப்பான். போன மாதம்தான் ஒருவனைப் பசைப் பீப்பாயில் தலையை அமுக்கிக் கொன்றிருந்தார்கள். எங்கள் அச்சகத்துக்கு ஒட்டுகிற கூட்டத்தின் தலைவனுக்கு வாளி என்று பெயர். கையில் எப்போதும் பசை வாளி இருக்கும். அவன் என்னைப் பார்த்ததில்லை. நானும் அவனைப் பார்த்ததில்லை. நான் கல் அறையை விட்டு வெளியே வராதவன்.

நாலு பேர் சுற்றி வளைத்தார்கள். வாளி என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான்.

"எந்தக் கம்பெனி ஆளு நீ?"

இந்தப் படத்தை வரைந்ததே நான்தான் என்றேன்.

"வரைஞ்சவனே வந்து கிழிக்கிறானாம். அப்போ நான் யாரு? அந்தப் பொம்பளையோட மாமியாரா?"

சிரித்துக்கொண்டேதான் அடித்தார்கள். பசை பூசும் தூரிகையின் கழி என் தலையில் இரண்டு தடவை விழுந்தது. கீழே விழுந்தபின் ஒருவன் விலாவில் ஏறி நின்றான். ஏதோ பலகை நெளிகிற சத்தம் கேட்டது. இன்னொருவன் என் வாயைப் பிடித்துத் திறந்தான். வாளி சூடான பசையை ஊற்றினான். தொண்டை வெந்தது. மூச்சு நின்று வந்தது. என்னைச் சுவரோடு நிறுத்தி, முதுகில் பசை தடவி, அந்தப் பெண்ணின் படம் ஒன்றை என் முதுகிலேயே ஒட்டி, தள்ளுவண்டியில் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனார்கள்.

அச்சகத்து வாசலில் அச்சு ஓட்டும் மிஷின்காரர்தான் என்னை அடையாளம் கண்டார்.

"அடப்பாவிகளா, இது நம்ம ஆர்ட்டிஸ்ட்டு. அவன் மேலயே அவன் படத்தை ஒட்டிட்டு வந்திருக்கீங்களே. நேரா வேற ஒட்டியிருக்கீங்க" என்றார்.

வாளி வண்டியை அப்படியே விட்டுவிட்டு என் காலைத் தொட்டான். அவனே கிணற்றடிக்குத் தூக்கிப்போய்க் கழுவிவிட்டான். முதுகிலிருந்து தாள் உரிந்தபோது தோலும் கொஞ்சம் வந்தது. அன்றிலிருந்து என்னைக் கண்டால் சார் என்பான்.

வீட்டில் அக்கா விலாவில் துணி சுற்றினாள். எத்தனை சுவர் என்று கேட்டாள். பதினேழு என்றேன். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, விலா விடவில்லை.

ஆறு நாள் படுத்துக் கிடந்தேன். அதற்குள் அவள் துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். ஏழாம் நாள் சைக்கிள் கல்லுக்குத் திரும்பிப் போனேன். இன்னும் மூன்று நிறம் மிச்சம் இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் அத்தான் வந்தார்.

கல் அறை அச்சகத்தின் பின்கோடி. எண்ணெய்த் தாள் ஒட்டிய ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே முற்றம். அங்கேதான் வாளியின் ஆட்கள் பசை காய்ச்சுவார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து மிஷின் ஓட இன்னும் சில நிமிடம் இருந்தது. மிஷின்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பின்னால் அத்தான் நின்றார்.

"தம்பி, உன் அத்தான்னு சொல்றாரு. செத்துப்போனாருன்னுதானே சொன்னே? செத்ததுக்கு அப்புறம் உடம்பு நல்லாத் தேறியிருக்காரு" என்றார் மிஷின்காரர்.

அத்தானும் சேர்ந்து சிரித்தார். இது வேறு உறவு, தூரத்து அத்தான் என்று அவரே விளக்கம் சொன்னார். மிஷின்காரர் போய்விட்டார். அத்தான் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். என் முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்துத் தரையில் விரித்தார். மடிப்பு அந்தப் பெண்ணின் மூக்கின் மேல் போயிருந்தது.

"இளைச்சுட்டியே மச்சான்" என்றார்.

நான் மேஜைப் பக்கம் நகர்ந்தேன்.

"நல்லா வரைஞ்சிருக்கே. கண்ணு யாரோடதோ. மூக்கு யாரோடதோ. இது மட்டும் என்னோடது." கட்டை விரலைக் காதின் மேல் வைத்தார். "ஒரு கட்டு நனைஞ்சு போச்சுன்னு பிரிச்சேன். மேல் தாளே இவதான். கட்டு மேலேயே அச்சகத்து விலாசம் எழுதியிருந்துச்சு. எங்கே இருக்கா?"

தெரியாது என்றேன்.

முதல் அறையில் என் தலை கல் அலமாரியில் மோதியது. எழுந்திருக்க விட்டார். எழுந்ததும் அறைந்தார். இப்படி நாலைந்து தடவை. கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. மூட்டை அடுக்குகிற மாதிரி ஒரே அளவாக, ஒரே இடத்தில் அடித்தார். இடது கண் மூடிக்கொண்டது. ஆறிவந்த விலாவில் முழங்காலால் இடித்தார். மேஜையில் அமிலக் குப்பி இருந்தது. கல்லில் படத்தை நிறுத்துவதற்குத் தடவுகிற அமிலம். அதை எட்டிப் பிடித்து அவர் முகத்தில் வீசினேன். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார். சட்டையில் கொஞ்சம் பட்டுப் புகைந்தது. மிச்சம் சைக்கிள் கல்லின் மேல் விழுந்தது. கல் நுரைத்தது. சக்கரம் இருந்த இடம் கண்ணெதிரே குழியாயிற்று. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நொடியில் அவர் என் காலை வாரிவிட்டார்.

வெளியே மிஷின் ஓட ஆரம்பித்தது. அது ஓடினால் அச்சகத்துக்குள் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சும் கேட்காது.

"எந்தக் கையால வரைவே?" என்று காதருகே வந்து கேட்டார்.

என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். வலது கை நகங்களில் மை இருந்தது. மணிக்கட்டின் மேல் காலை வைத்து நின்றுகொண்டார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கல்லை உருவினார். நானும் மிஷின்காரரும் சேர்ந்து தூக்கும் கல் அது. அதைப் போட்டிருக்கலாம். போடவில்லை. கண்ணாடிப் பெட்டி இறக்குவது போல மெதுவாக இறக்கினார். முதலில் நடுவிரல் ஒடிந்தது. பிறகு அடுத்தடுத்து. சுண்டுவிரல் கடைசியில். கல் தரையோடு படிந்ததும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ சொல்லு."

நான் சொல்லவில்லை. இதை நான் இப்போதும் எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு. கத்தினேன், கெஞ்சினேன், வாந்தி எடுத்தேன். தெருவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவர் களைத்துப்போய் நிமிர்ந்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார்.

என் மேஜைக்கு மேலே சுவரில் நான் பென்சிலில் போட்ட படங்கள் குத்தியிருந்தன. கை பழகுவதற்காகப் போட்டவை. புட்டிகள், கைகள், எலி, ஒரு குதிரையின் பின்னங்கால். அவற்றுக்கு நடுவில் எங்கள் ஜன்னல். ஜன்னல் ஓரம் இஸ்திரி மேஜை, குனிந்த ஒரு பெண்ணின் முதுகு. ஜன்னலுக்கு வெளியே எதிரில் இருக்கும் கடிகாரக்கடை. கடை வாசலில் தொங்கும் முள் இல்லாத பெரிய மரக் கடிகாரம். எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன.

அத்தான் எழுந்து போய் அந்த ஒரு தாளை மட்டும் உருவினார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னைத் திரும்பியும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

கல் என் கை மேலேயே இருந்தது.

ஜன்னல் எனக்கு இரண்டடி தூரம். மிஷின் சத்தத்துக்கு மேலே முற்றத்தில் கத்திப் பேசுவது அங்கிருந்து கேட்டது. வாளியின் குரல்.

"இதா? வாய்க்கால் தெரு முக்கு. அந்தச் சுவரு எனக்கு நல்லாத் தெரியும். ஈரச் சுவரு, ஒட்டினா நிக்காது. இந்தக் கடிகாரத்துக்கு நேர் எதிர் மாடி. போங்க. கடைக்காரன்கிட்ட மணி மட்டும் கேட்டுடாதீங்க, அவனுக்கே தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அத்தான்கூடச் சிரித்திருப்பார். நான் கத்தினேன். வாளி, சொல்லாதே என்று கத்தினேன்; பசையில் வெந்த தொண்டையின் சத்தம் ஜன்னலைத் தாண்டவில்லை. மிஷின் தாளை வாங்கித் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கையை இழுத்தேன். வரவில்லை. காலைக் கல்லில் உதைத்து மறுபடி இழுத்தேன். மயக்கம் வந்து தெளிந்தது. மூன்றாவது தடவை வந்துவிட்டது. வந்ததைப் பார்க்காமல் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடினேன்.

வழியெல்லாம் அவள் இருந்தாள். கூந்தலைப் பிடித்துக்கொண்டு, புட்டியைக் காட்டிக்கொண்டு. சில சுவர்களில் காது இல்லாமல், சில சுவர்களில் காதோடு.

தெரு முக்கில் கூட்டம் எதுவும் இல்லை. எங்கள் வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே மரப்படிகள் செங்குத்தாக மேலே போகும். இருபத்திரண்டு படி. படிகளில் இங்கும் அங்கும் கரித்துண்டுகள் சிவப்பாகக் கிடந்தன. மரம் கருகும் வாசனை. இஸ்திரிப்பெட்டி மேலிருந்து ஏழெட்டாவது படியில் வாயைப் பிளந்து கிடந்தது.

அத்தான் படிக்கட்டின் அடியில் மல்லாந்திருந்தார். கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தது, திரும்பக்கூடாத அளவுக்கு. கன்னத்தில் பெட்டியின் முனை பதிந்து வெந்திருந்தது. கண் திறந்திருந்தது. கையும் காலும் அசையவில்லை. நான் வந்ததைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார். "தண்ணி."

மேலே அக்கா நின்றாள். கையில் குடம். முடி ஒதுங்கியிருந்தது. புடவைத் தலைப்பில் ஒரு பொத்தல் எரிந்து அணைந்திருந்தது.

அவள் இறங்க ஆரம்பித்தாள். முதல் படியில் கரித்துண்டு ஒன்று கிடந்தது. குனிந்து அதன் மேல் தண்ணீர் விட்டாள். அது சீறி அணைந்தது. காலால் தள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வந்தாள். அங்கே இரண்டு துண்டு. ஒவ்வொன்றாக அணைத்தாள். பழைய மரம், ஒரு துண்டு விட்டாலும் வீடு பற்றிக்கொள்ளும்.

"தண்ணி" என்றார் அத்தான்.

அவள் அவசரப்படவும் இல்லை, வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. பெட்டி கிடந்த படியில் கரி நிறையச் சிந்தியிருந்தது. அங்கே நிறையத் தண்ணீர் செலவாயிற்று. நான் கீழே நின்றேன். வாசலுக்கு வெளியே பத்தடியில் குழாய் இருந்தது. நான் போகவில்லை.

பத்தாவது படியில் அவள் இருந்தபோது அத்தானின் மூச்சு விட்டு விட்டு வந்தது. பதினைந்தாவது படியில் இருந்தபோது நின்றுவிட்டது. அக்கா கடைசிப் படிவரைக்கும் அணைத்தாள். குடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கையைக் காட்டு" என்றாள்.

சட்டைக்குள்ளிருந்து எடுத்தேன். மிச்சத் தண்ணீரில் அதைக் கழுவினாள். புடவையைக் கிழித்துச் சுற்றினாள். நாற்பது நாள் நான் செய்ததை அவள் ஒரே தடவையில் செய்துகொண்டிருந்தாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம். படி ஏறும்போது பேசிக்கொண்டே வந்தாராம், வீட்டுக்குப் போகலாம் வா, தோடு பத்திரமாக இருக்கிறது, இன்னொரு காதுக்குப் போட்டுக்கொள் என்று. கடைசிப் படியில் கால் வைத்ததும் பெட்டியை வீசினாளாம். தன் எடை முழுக்கச் சேர்த்து.

யாரும் பார்க்கவில்லை. கடிகாரக்கடைக்காரர் மத்தியானத்தில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர்.

மேலே போய் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தானைத் தாண்டி வந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"உன்கிட்டச் சொல்ல மாட்டேன்."

"அடிச்சாரு. விரலை ஒவ்வொண்ணா ஒடிச்சாரு. நான் சொல்லலைக்கா."

"நீ சொல்ல மாட்டே. அது எனக்குத் தெரியும்."

கட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன். இனிமேல் இது எதையும் வரையாது என்றேன்.

"இன்னொரு கை இருக்கு" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. என் கன்னத்தில் இருந்த ரத்தத்தைத் தலைப்பால் துடைத்தாள். முடியை இடது பக்கம் இழுத்துவிட்டாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ரயில் நிலையம் வலது பக்கம். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று நான் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். செருப்புச் சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ள ஒரு கைதான் இருந்தது.

அந்தச் சத்தம் முழுக்கப் போகட்டும் என்று காத்திருந்தேன். கடிகாரக்கடைக்காரர் எழுந்து கதவைத் திறந்தார். போலீஸைக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். படிகளில் இரண்டு தடவை ஏறி இறங்கினார். கருகிய அடையாளங்களைத் தொட்டுப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி எடை பார்த்தார். பிறகு கடைசிப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டை எடுத்தார்.

நான்தான் கொன்றேன் என்றேன். அச்சகத்தில் வந்து அடித்தார், பின்னாலேயே ஓடிவந்தேன், மேலே சண்டை, தள்ளிவிட்டேன்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படித் தள்ளினே?"

"தோளால."

"கன்னத்துல சூடு?"

"பெட்டி அவர்மேல கவுந்துச்சு."

அவர் என்னை நம்பவில்லை. அதற்காகச் சிரமப்பட்டுக்கொள்ளவும் இல்லை. எழுதினார். செத்தவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி உண்டு, என் அக்கா என்றேன். போன வாரமே கிளம்பிவிட்டாள், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றேன்.

"தகவல் சொல்லணுமில்ல. ஆளு எப்படி இருப்பா? அடையாளம் ஏதாவது?"

திறந்த கதவுக்கு வெளியே, குழாய்க்கு எதிர்ச் சுவரில் அந்தக் கூந்தல் எண்ணெய்ப் பெண் தெரிந்தாள். வாளி சொன்னது போல ஈரச் சுவர். ஒரு மூலை உரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "எல்லாரையும் போலத்தான் இருப்பாங்க."

அடையாளம் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

"உயரம்?"

"நடுத்தரம்."

"நிறம்?"

யோசித்தேன். மாநிறம் என்றேன். அக்கா நல்ல கருப்பு.